14 மாதம், 12 நாள் சாப்பாடு

வீட்டுக்குப் பின்னால் 2000 சதுர அடி சும்மா கிடந்தது. தற்சார்பு, தற்சார்பு என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தவன், சரி, இதில் நம் சாப்பாட்டை எவ்வளவுதான் நாமே விளைவிக்க முடிகிறது பார்ப்போம் என்று ஒருநாள் இறங்கினேன். கூடவே ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் நிலம் கொடுத்தது. வலப்பக்கம் அதற்காக வெளியிலிருந்து வாங்கியது. எடை போடாமல் எதுவும் சமையலறைக்குள் போகக் கூடாது என்று சட்டம் வைத்ததில் வீட்டில் கிண்டல் இன்னும் ஓயவில்லை.

முதல் மாதம் ஒரு விதைகூடப் போடவில்லை. வெயில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காலை, மதியம், மாலை போய்ப் பார்த்துக் குச்சி நட்டு வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு 4 மணி நேரத்துக்கு மேல் வெயில் இல்லை. காய்க்கிற செடிகளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். ஆக, தொடங்குவதற்கு முன்பே நிலம் சுருங்கிவிட்டது. நிழல் பக்கத்தைக் கோழிக்கும் உரக்குவியலுக்கும் ஒதுக்கினேன்.

அப்புறம் மண். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தேன். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் படிய ஓரிரு மணி நேரம் ஆகும், களி மறுநாள்தான். எனக்கு மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. அசல் களிமண். ஈரத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், காய்ந்தால் மண்வெட்டி எகிறும். நாலு கூடை மணலைக் கொட்டிக் கலந்தால் இளகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்சமாகக் கலக்கும் மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகத்தான் செய்யும் என்பது பிறகு தெரிந்தது. இலைதழை மக்கி வரும் உரம், அதாவது மட்கு ஒன்றுதான் வழி.

அந்த மட்கில்தான் முதல் அடி வாங்கினேன். வெட்டிய புல்லும் காய்கறிக் கழிவுமாகக் குவித்துத் தண்ணீரும் தெளித்து மூடிவிட்டேன். பத்தே நாளில் பக்கத்தில் போக முடியாத நாற்றம். பச்சைக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், ஈரமும் அதிகம். காற்று புக வழியில்லாமல் உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. காய்ந்த இலையில் அதிகமாக இருக்கும் கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால்தான் குவியல் ஒழுங்காக மட்கும். எடை பார்த்துக் கலக்க யாரால் முடியும்? ஒரு கூடை பச்சைக்கு இரண்டு கூடை காய்ந்த இலை என்று கண்ணளவில் போட்டுப் புரட்டினேன். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் சுட்டது. சூடுமானி வைத்துப் பார்த்தேன், 58 டிகிரி. சிரிப்பார்கள், ஆனால் இந்த 14 மாதத்தில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது அந்த எண்தான். குவியல் சிறியதானால் சூடு தங்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும்.

நான்காவது மாதம் பாத்தி போட்டேன். 4 அடி அகலம், 20 அடி நீளம், மொத்தம் ஐந்து. இரு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படவே கூடாது என்பதற்காக அந்த 4 அடி. ஐந்தும் சேர்த்து ஏறக்குறைய 37 சதுர மீட்டர்.

தண்ணீர்க் கணக்கை மட்டும் முன்னாடியே போட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். என் கூரை 56 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழையில் சிந்தியது, முதலில் வரும் அழுக்கு நீர் எல்லாம் கழித்து 450 லிட்டர் சேரும். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு மூன்று மழையில் நிரம்பியதும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் நல்ல வெயில் நாளில் பாத்திகள் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குடிக்கின்றன. 37 சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 185 லிட்டர்! நிரம்பிய தொட்டி ஐந்து நாளில் காலி. அதற்குப் பிறகுதான் மூடாக்கின் அருமை புரிந்தது. மண் வெளியே தெரியாதபடி காய்ந்த இலையை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். தினமும் ஊற்றியது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. நத்தைகளும் குடியேறின, அது தனிக்கதை.

எட்டாவது மாதம் நான்கு கோழிகள் வந்தன. வந்த ஜோரில் அவற்றின் எச்சத்தைப் பச்சையாகவே நாற்றுகளுக்குப் போட்டு ஒரு வரிசை முழுவதையும் கருக்கினேன். கோழி எச்சத்தில் தழைச்சத்து வீரியம் அதிகம், மட்க வைத்துத்தான் போட வேண்டும். இது தெரிந்துதான் செய்தேன் என்பது இன்னும் வெட்கம். பிறகு முட்டை ஓடு காகிதம் மாதிரி வந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்ததும் சரியானது.

ஆனால் நோட்டில் கோழிப் பக்கம்தான் உறுத்துகிறது. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் தீவனம். ஆறு மாதத்தில் நான்கும் தின்றது 86 கிலோ. கொடுத்த முட்டை 22 கிலோ. சமையலறைக் கழிவு அவற்றுக்கு நொறுக்குத்தீனி, அவ்வளவுதான். தீவனம் கடையிலிருந்து வரும்வரை முட்டையை இடப்பக்கத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இடப்பக்கத்துக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி என்று வைத்துக்கொண்டேன். 34 கிலோ தக்காளி; வீடே சிவந்து கிடந்தது, ஆனால் 100 கிராமுக்கு 18 கலோரிதான். மூன்று நாள். 21 கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு; 100 கிராமுக்கு 86 கலோரி. ஒன்பது நாள். கீரை, பீன்ஸ் எல்லாம் சேர்த்தும் 13-ஐத் தொடவில்லை. ஆக, 14 மாத உழைப்பில் ஒரு ஆளுக்கு 12 நாள் சாப்பாடு. முதலில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. காய்கறி விஷயத்தில் மட்டும் ஐந்து மாதம் வெளியே வாங்கவில்லை என்று இன்னொரு பக்கம் எழுதி என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் மூன்று பாத்தி கிழங்கு, தக்காளி ஒன்றே ஒன்று. தக்காளி விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, கழுவி உலர்த்தி வைத்திருக்கிறேன். முதல் முறை வீரிய ஒட்டுரகத்தின் (ஹைப்ரிட்) விதையைச் சேமித்து, முளைத்த செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி காய்த்ததால் இந்த முறை நாட்டு ரகம்.

இதை எழுதும்போது ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. சேவல் கிடையாது, 21 நாள் இல்லை, வருடம் முழுக்க உட்கார்ந்தாலும் குஞ்சு வராது. கிளப்பிவிட்டால் கொத்துகிறது. கோழியும் வலப்பக்கத்துச் சரக்குதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சேவல் ஒன்று வாங்கலாம். அதிகாலை நான்கு மணிக்கு அது கூவினால் பரவாயில்லையா என்று முதலில் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.