தலையிடாமல் இருந்து பார்த்தல்: இதுவரையிலான பதிவு

பிறர் செய்யும் காரியங்களில் தலையிடும் என் பழக்கத்தைக் குறைத்துப் பார்க்கிறேன். முதல் கட்டத்தில் எந்தப் பழக்கத்தையும் விட முயலவில்லை. நான் தலையிடும் இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன், அவ்வளவுதான். பிறர் கழுவி அடுக்கிய பாத்திரங்களை மாற்றி அடுக்குவது, வண்டி ஓட்டுபவருக்கு வழி சொல்வது, ஒப்படைத்த வேலையைப் பற்றிக் கெடுவுக்கு முன்பே விசாரிப்பது, எதிரில் இருப்பவர் தேடும் சொல்லை நானே எடுத்துக் கொடுப்பது என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எதுவும் அதிகாரமாக எனக்குத் தோன்றியதில்லை. அக்கறை, பொறுப்பு என்ற பெயர்களில்தான் அவை நடமாடின.

அவற்றை அடையாளம் காட்டியது உடல்தான். பேச வாயெடுப்பதற்குச் சற்று முன் தாடை இறுகுகிறது. பேசியவுடன் அந்த இறுக்கம் தளர்கிறது. வேதனை தரும் ஒன்று நீங்கும்போது அதை நீக்கிய செயல் மேலும் ஊன்றிவிடுவதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். தலையீட்டால் காரியம் மேம்பட்டதா என்பது பழக்கத்துக்குப் பொருட்டே அல்ல, எனக்கு நிம்மதி கிடைத்தால் போதும் என்பது இதிலிருந்து விளங்கியது.

அடுத்து, வண்டியில் வழி சொல்வதை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். உளவியலாளர் எலன் லாங்கர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதை விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். சீட்டைப் பிறர் எடுத்துக் கொடுத்தவர்கள் கேட்டது 1.96 டாலர். பரிசு விழும் வாய்ப்பு இரு சாராருக்கும் ஒன்றே. நான் தேர்ந்த வழியே விரைவானது என்ற என் நம்பிக்கையும் ஏறத்தாழ இந்த வகைதான். வாயை மூடியிருந்தபோது பதற்றம் முதலில் கூடியது, பிறகு நான் எதுவும் செய்யாமலேயே இறங்கியது.

ஒப்படைத்த வேலையை விசாரிக்காமல் இருப்பது இதைவிடக் கடினம். ஒரு கட்டணத்தைச் செலுத்தும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டிருந்தேன். இம்முறை ஏன் நினைவூட்டவில்லை என்று அவனே கேட்டான். "நீ எப்படியும் கேட்பாய் அக்கா, அதனால் நான் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை" என்றான். அவனுடைய மறதியைச் சமாளிப்பதாக நான் எண்ணியிருந்த செயல்தான் அந்த மறதியை வளர்த்திருந்தது. இப்போது ஒப்படைக்கும்போதே கெடுவையும், தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன்.

மருந்தின் அளவு, அடுப்பை அணைப்பது போன்றவற்றை இந்தச் சோதனைக்கு உட்படுத்தவில்லை, உட்படுத்தவும் கூடாது. நான் பேசாவிட்டால் மாறப்போவது விளைவா, என் பதற்றம் மட்டுமா என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது.

சமையலறையில்தான் முன்னேற்றம் குறைவு. பாத்திரங்களைத் தொடுவதில்லை என்றாலும், பக்கத்தில் நின்று பார்க்கிறேன், பெருமூச்சு விடுகிறேன். பேசாத தலையீடு பேசியதைவிட எரிச்சலூட்டுவதாக வீட்டில் சொல்கிறார்கள், அது நியாயமான புகார். ஆகவே பிறர் அடுக்கும் நேரத்தில் அறையைவிட்டு வெளியேறிவிடுவது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன். அடுத்த கட்டமாக, வரவிருக்கும் குடும்பப் பயணத்தின் ஏற்பாடுகளைத் தங்கையிடமே முழுவதும் விடப்போகிறேன்; புறப்படும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்வேன்.