முழங்காலில் ஒரு சிவப்பு வளையம்

"ஏம்மா இப்படிச் சிவந்திருக்கு?"

நேற்று விழுந்த சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகளின் முழங்காலில், காயத்தைச் சுற்றி விரலகலத்துக்குச் சிவப்பு. தொட்டால் சூடு.

உள்ளே சண்டை நடக்குது என்றேன். நிஜமாகவே அப்படித்தான்.

கிருமியின் மேல், நம் உடல் அதற்கெனத் தயாரிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டிக்கொள்கிறது. பல நேரம் அது கொல்வதில்லை, 'இதுதான் ஆள்' என்று காட்டிக்கொடுக்கிறது. அப்புறம், ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காம்ப்ளிமென்ட் புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. அதில் உடைந்து விழும் துண்டுகள் வெள்ளணுக்களைக் கூப்பிடுகின்றன, ரத்தக் குழாய்களை நெகிழ்த்துகின்றன. அந்தச் சிவப்பில் இவற்றுக்கும் பங்குண்டு.

கடைசிக் கட்டம்தான் எனக்கு மலைப்பு. சில புரதங்கள் வளையமாகக் கோத்துக்கொண்டு, சிலவகை பாக்டீரியாக்களின் சவ்வில் துளையே போட்டுவிடும். அகலம் சுமார் 10 நானோமீட்டர். தண்ணீர் உள்ளே புகுந்து கிருமி வெடித்துவிடும்.

1895-இல் ஜூல்ஸ் போர்டே என்ற பெல்ஜிய விஞ்ஞானி, ஒரு கிருமிக்கு எதிர்ப்புப் பெற்ற விலங்கின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை, சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார். அதன் கிருமி கொல்லும் சக்தி போய்விட்டது. அந்தக் கிருமிக்கு எதிர்ப்பே பெறாத விலங்கின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்ததும் திரும்பிவிட்டது! ஆன்டிபாடி சூட்டைத் தாங்கியது, கூட்டாளியான காம்ப்ளிமென்ட்தான் தாங்கவில்லை. 1919-க்கான நோபல் பரிசு அவருக்குத்தான்.

"நம்ம செல்லுல ஓட்டை போடாதா?" என்றாள்.

நம் செல்கள் மேல் தடுப்புப் புரதங்கள் காவல் நிற்கின்றன என்றேன்.

சரி என்று குனிந்து, அந்தச் சிவப்பு வளையத்தை மெல்ல ஊதிவிட்டாள்.