வவுனியாவின் பச்சையை அளக்கப் போய், வேலியில் வந்து நின்றேன்

முதல் மாதம் வீணாய்ப் போனது. நகரம் பெருக்கப் பெருக்க வவுனியாவில் பச்சை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம், படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீற்றர் அகலம். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1க்கும் +1க்கும் இடையில் ஒரு எண் வரும். கூடினால் பச்சை.

படங்களைக் கணினியில் ஒப்பிட்டபோது நகர ஓரமெல்லாம் வெறுமையாய்த் தெரிந்தது. இரண்டு நாள் கவலைப்பட்ட பிறகுதான் திகதியைக் கவனித்தேன். பழைய படம் தை மாதம், பெரும்போக வயல் நிற்கும் காலம். புதியது ஆவணி, குளக்கட்டில் புல்லே கருகும் காலம். நான் அளந்தது நகர வளர்ச்சியை அல்ல, மழையை.

சரி, இரண்டையும் ஆவணியாக எடுத்துத் திரும்பச் செய்தேன். கூரையும் தெருவும் கூடியது உண்மைதான், ஆனால் குருமன்காட்டுப் பக்கம் ஒரு காணி நல்ல பச்சையாய் இருந்தது. சைக்கிளில் போய்ப் பார்த்தால் முழுக்க இபில் இபில். வேறு ஒரு மரம் இல்லை. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கும் காடும், மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்த இந்த ஒற்றை மரமும் என் கணக்கில் ஒரே பச்சைதான்.

அப்புறம் கணினியை மூடிவிட்டு, செடிகளை வகை வகையாக எண்ணக் கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டேன். 10 மீற்றர் கதியால் வேலி (துளிர்க்கும் கிளைகளை நட்டு வளர்த்தது), 10 மீற்றர் மதில், ஒரே ஒழுங்கையில். வேலியில் 17 வகை: கிளுவை, பூவரசு, அவற்றில் ஏறிய கொவ்வை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை, அடியில் குப்பைமேனி, இன்னும் பல. ஒரு கொடியை இரண்டு வகையாக எழுதியிருந்தேன். வீட்டுக்கார அம்மா சிரித்தார். "தம்பி, இளசும் முத்தலும் ஒண்டுதான். உது முசுட்டை, வறைக்கு நல்லம்." அப்படித்தான் 18 என்றது 17 ஆனது. மதிலடியில் 4. அதில் ஒன்று பார்த்தீனியம், வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் களை.

மதில் கட்டினவர்கள் செடி வைக்காதவர்கள் இல்லை. படலைக்கு உள்ளே கடதாசிப்பூ, குரோட்டன், நெட்டிலிங்கம், சாடியில் அந்தூரியம். அதனால் தனி வீடாக எண்ணினால் வகை குறையவில்லை, சில வளவுகளில் கூடத்தான் செய்கிறது. ஆனால் ஆறு மதில் வீடுகளின் பட்டியலை அருகருகே வைத்தபோது கிட்டத்தட்ட ஒரே பட்டியல். எல்லாருக்கும் ஒரே நாற்றுமேடை போல. வேலிகளோ ஒவ்வொன்றும் வேறு.

ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடங்களை மறுபடி எண்ணுவதாக இருந்தேன். நேற்று அந்த அம்மாவின் வேலிக்கு முன்னால் மணலும் கல்லும் பறித்திருந்தார்கள். நாளைக் காலையே கயிற்றோடு போகவேணும்.