இடுப்பில் ஒரு வட்டம்

மார்ச் 4
பெல்ட் அழுத்தும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். ஓரம் தடித்துச் செதில் விட்டிருக்கிறது, நடுவில் தோல் கிட்டத்தட்ட பழைய நிறம். வேர்த்தால் அரிப்பு உயிர் போகிறது. அலமாரியில் கிடந்த களிம்பைத் தடவினேன்.

மார்ச் 9
அரிப்பு போயே போச்சு. சிவப்பும் மங்கிவிட்டது. நிறுத்திவிட்டேன்.

மார்ச் 23
ஒன்று மூன்றாகிவிட்டது. தொடை இடுக்கிலும் இறங்கிவிட்டது. இப்போது வட்டமே தெரியவில்லை, ஓரம் கலங்கி, நடுவில் சின்னச் சின்னப் பருக்களாக இருக்கிறது. டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் மழுங்கிய கத்தியால் ஓரத்தை மெதுவாகச் சுரண்டினார். மாவு போல் உதிர்ந்ததைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார். தோல் செல்கள் கரைந்து பூஞ்சை மட்டும் கண்ணுக்குத் தெரியுமாம். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்களும் பாருங்க” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். நுண்ணோக்கிக்குள் மெல்லிய நூல்கள் கிளை பிரிந்து ஓடின. என் தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்ந்தவை. படர்தாமரை.

அப்புறம் டியூபைப் படித்தார். பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசாலும் கலந்திருந்தது. வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் உடம்பு பூஞ்சையை எதிர்ப்பதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடும், நமக்குக் குணமானது போல் இருக்கும், பூஞ்சை தடையில்லாமல் பரவும். தொடர்ந்து பூசினால் இடுக்கில் தோல் மெலிந்து வரி விழும், அந்த வரி மறையாது. இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. நல்லவேளை, ஐந்து நாளோடு நிறுத்தினேனே!

மார்ச் 27
மகளுக்கு முழங்கால் பின்மடிப்பில் அரிப்பு. என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று பயந்து அழைத்துப் போனேன். படர்தாமரை தொற்றும், துண்டைப் பகிர்ந்தாலே போதும். ஆனால் அவளுக்கு வட்டம் இல்லை. வறண்டு, சொரசொரப்பாக, இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில். கரப்பான் என்கிற எக்ஸிமா. தோலின் ஈரம் காக்கும் அரண் பலவீனமாக இருப்பதால் வருவது, தொற்றாது. குளித்த ஈரம் காய்வதற்குள் தடவ ஈரப்பத களிம்பு, சில நாளுக்கு மட்டும் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு. எனக்குக் கேடு செய்த அதே வகை மருந்து அவளுக்கு மருந்தாகிறது! அரிப்பு என்றதும் ஒரே டியூபை வீட்டில் கைமாற்றிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று இப்போதுதான் உறைக்கிறது.

காத்திருந்த இடத்தில் ஒரு பெண்ணின் முழங்கைகளில் வெள்ளிச் செதில்கள். சொரியாசிஸ். தோல் செல்கள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேலே வருவதற்குப் பதில் சில நாட்களிலேயே வந்து குவிவதால் அப்படி ஆகிறது, யாருக்கும் ஒட்டாது. அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 19
சிவப்பு இல்லை, பழுப்புத் தழும்பு மட்டும். மருத்துவர் கொடுத்த பூஞ்சை மாத்திரையும் களிம்பும் இன்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். வட்டம் இருந்த இடத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே வரை பூசுகிறேன்.