சும்மா இருக்கும் கால்

ஒற்றை என்ஜின் விமானத்தில் வணிக விமானி உரிமம் பெற்ற கையோடு, இரட்டை என்ஜின் தகுதிக்காக ஃப்ளோரிடாவில் பைப்பர் செமினோல் விமானத்தில் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டேன். இரண்டு என்ஜின்களும் ஓடும்வரை அதை ஓட்டுவதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. ஒன்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பழகுவதிலேயே பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது.

என்ஜின் ஒவ்வொன்றும் 180 குதிரைத்திறன் கொண்டது. ஒன்று போனால் பாதி வலு போகும், ஏறும் வேகமும் பாதியாகும் என்றுதான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் மட்டமாகப் பறக்கத் தேவையானது போக எஞ்சும் வலுவே விமானத்தை மேலே ஏற்றுகிறது என்பதால், பாதி வலு போகும்போது ஏறும் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. முழு எடையான 1,724 கிலோவில், கடல் மட்டத்தில், மிதமான வெப்பநிலையில், எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் நிமிடத்துக்கு 200 அடி சொச்சம் கிடைக்கும் என்கிறது கையேடு. ஃப்ளோரிடாவின் கோடை வெயிலில் அந்த அளவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாள் 4,000 அடி உயரத்தில், பயிற்றுநர் ஓர் அட்டையால் நெம்புகோல்களை மறைத்துக்கொண்டு என்ஜினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நெம்புகோல்களில் ஒன்றை இழுத்தார். சக்கரங்கள் உள்ளே இருக்கும்போது வலுவைக் குறைத்ததால் எச்சரிக்கை ஒலி அலறியது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. எல்லா நெம்புகோல்களையும் முன்னே தள்ளி, இறக்கையின் ஃபிளாப் தகடுகளும் சக்கரங்களும் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு, எந்த என்ஜின் என்று கண்டறிய வேண்டும். மூக்கை நேராக நிறுத்த எந்தக் கால் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்க என்ஜின் ஓடுகிறது. சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்க என்ஜின் நின்றிருக்கிறது. கருவிகளை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எரிபொருள் நின்றுபோன பின்பும் காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டிருப்பதால், சுழற்சிமானியும் அழுத்தமானியும் எதுவும் நடக்காதது போலவே காட்டக்கூடும்.

இதையெல்லாம் தரையில் ஒப்பித்திருந்தும், மேலே என் வலது கால் மிதித்துக்கொண்டிருக்கும்போதே கை வலது த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தது. விமானம் திடீரென நேரானது. கூடவே இறங்கவும் தொடங்கியது. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் என் காலைப் பார்த்தார். நின்றதாகத் தோன்றும் என்ஜினின் த்ராட்டிலை இழுத்து, எதுவும் மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்ய வேண்டும், அதாவது அலகுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்ப வேண்டும் என்ற விதி இந்தத் தவற்றைப் பிடிப்பதற்காகவே இருக்கிறது. 2015 பிப்ரவரி 4 அன்று தைவானில் ட்ரான்ஸ்ஏசியாவின் ஏ.டி.ஆர். 72 விமானத்தில், அனுபவமுள்ள விமானி ஒருவர் ஓடிக்கொண்டிருந்த என்ஜினையே நிறுத்தியதில் 43 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை முன்பு படித்தபோது எப்படி இப்படிச் செய்தார் என்று வியந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு வியக்கவில்லை.

என் உயரம் குறைவு. பெடலை முழுவதும் மிதிக்க முடியாமல் மூக்கு நழுவிக்கொண்டே போனதை இரண்டு நாள் திறமைக் குறைவாகவே எண்ணியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் செருகியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, ஓடும் என்ஜின் பக்கமாக இரண்டு மூன்று டிகிரி சாய்த்து, சறுக்குமானியின் குண்டை அந்தப் பக்கமே பாதி விலகியிருக்க விடுவதில் இருந்தது. குண்டை நடுவில் வைத்தே பழகிய எனக்கு அது கூசியது.

ஒரு என்ஜின் நின்ற நிலையில், பெடலால் இயங்கும் வால் தகடான ரட்டரால் மூக்கைப் பிடித்துவைக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் செமினோலில் 56 நாட் (மணிக்குச் சுமார் 104 கி.மீ.). ஒரு என்ஜினை ஓயவிட்டு, மற்றதை முழு வலுவில் வைத்து, நொடிக்கு ஒரு நாட் வீதம் வேகத்தைக் குறைத்து அந்த எல்லையைத் தொட்டுக்காட்ட வேண்டும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்து ஓடும் என்ஜினின் வலுவும் குறைவதால் அந்த எல்லை கீழே இறங்கிவிடுகிறது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகம் இறங்குவதில்லை. ஆகவே எங்களுக்கு ஸ்டால் எச்சரிக்கைதான் முதலில் ஒலித்தது. ஒரு பக்க இழுப்போடு ஸ்டால் ஆனால் விமானம் சுழலில் விழக்கூடும் என்பதால், அந்த ஒலி கேட்ட கணத்தில் மூக்கைத் தாழ்த்தி ஓடும் என்ஜினின் வலுவைக் குறைக்க வேண்டும். அந்த வலுவைக் குறைக்கக் கை எளிதில் ஒப்பவில்லை.

என்ஜினை உண்மையாகவே நிறுத்தி, ப்ரொப்பெல்லர் அலகுகள் காற்றுக்கு விளிம்பு காட்டி அசையாமல் நின்றதைப் பார்த்த சில நிமிடங்கள், அச்சத்தைவிட வேடிக்கையாகவே கழிந்தன.

தேர்வு நாளில் தேர்வாளர் ஓடுபாதையை நெருங்கும்போது இடது என்ஜினைக் குறைத்தார். ஒற்றை என்ஜினில் மிக நன்றாக ஏறும் வேகத்தைக் குறிக்கும், வேகமானியின் நீலக்கோடான 88 நாட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். தரையைத் தொடும் முன் வலது த்ராட்டிலை மூடியதும், காலின் பாரத்தைக் குறைக்க நான் வைத்திருந்த ரட்டர் ட்ரிம் மூக்கை வலப்பக்கம் இழுத்தது. இம்முறை இடது காலுக்கு வேலை வந்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகத் தொட்டேன். அதைக் குறித்துக்கொண்ட தேர்வாளர், மெத்தையை எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டார்.