ஒரு ராத்திரித் தலைப்பு

பழைய முதல் பக்கங்களைப் புரட்டிட்டு இருந்தேன். 1982 மே 4, லண்டன் ‘தி சன்’ பத்திரிகை. ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின போர் நேரம். பக்கத்துல பாதிக்குக் கொட்டை எழுத்துல ஒரே வார்த்தை: ‘காட்சா’. நம்ம ஊர்ப் பேச்சுல ‘மாட்னியா!’

மாட்டினது அர்ஜென்டினாவோட ‘ஜெனரல் பெல்கிரானோ’ கப்பல். மே 2 அன்னிக்குப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘காங்கரர்’ டார்பிடோ விட்டது. தலைப்பு வச்சப்போ கப்பல்ல ஓட்டை விழுந்த அளவுக்குத்தான் தகவல். அது முழுகிருச்சு, ஆட்கள் நிறைய போயிட்டாங்கன்னு தெரிஞ்சதும் எடிட்டர் கெல்வின் மெக்கன்சி அடுத்த பதிப்புக்குத் தலைப்பை மாத்தினார். என்னன்னு? ‘1,200 ஆர்ஜிக்கள் மூழ்கினார்களா?’ ‘ஆர்ஜி’ன்னா அர்ஜென்டினாக்காரங்களை ஏளனமாச் சொல்ற பேர். செத்தவனைக் குறிக்கவும் அந்தப் பேரேதான்! அதுக்குள்ள முதல் பதிப்பு வண்டியேறி ஊர் ஊராப் போயாச்சு.

செத்தவங்க கடைசிக் கணக்கு 323 பேர். தீவுகளைச் சுத்திப் பிரிட்டன் அறிவிச்ச தடை வளையத்துக்கு வெளியே கப்பல் இருந்துச்சேங்கிற சண்டை தனி.

பத்திரிகை டெஸ்க்ல உட்கார்ந்தவன்கிறதால அந்த அவசரம் எனக்குப் புரியுது. ராத்திரி பதினொன்றரைக்குப் பக்கம் முடிக்கிற வேகத்துல நானும் ‘பஞ்ச்’ தலைப்பு வச்சிருக்கேன். காலையில டீக்கடையில அதையே ஒருத்தர் சத்தமா வாசிச்சப்போ, டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துட்டேன்.