வீடியோ அழைப்பில் கோர் பயிற்சி: விரல் யாருடையது?

கீழ்முதுகு வலிக்காகக் கோர் பயிற்சி (வயிறு, இடுப்பு, முதுகைத் தாங்கும் தசைகளுக்கான பயிற்சி) தொடங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "நேர்லயே வரணுமா, வீடியோ கால்ல பண்ணலாமா?" பிசியோதெரபிஸ்ட்டாக இரண்டு வழியிலும் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் சந்திப்பு மட்டும் நேரில் இருக்கட்டும் என்பேன்.

அதை நான் கேட்பது நரம்புகளைப் பார்க்கத்தான். முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, கால் பெருவிரலை என் கைக்கு எதிராகத் தூக்கச் சொல்வது, தோலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, இவற்றைத் திரை வழியே நம்பிக்கையோடு செய்ய முடியாது. தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்கத் திடீரென முடியாமல் போவது போன்றவை இருந்தால் பயிற்சிப் பேச்சே கிடையாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அது முடிந்துவிட்டால் அப்புறம் தசை. வயிற்றைப் பட்டை போலச் சுற்றியிருக்கும் டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் என்ற தசை ஆழத்தில் இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவர் கையைச் சட்டென்று தூக்கும்போது, தோள் தசைக்கும் முன்னால் இது இறுகிவிடுகிறது. முதுகு வலி உள்ளவர்களிடம் தாமதமாகிறது. ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996இல் இதைக் காட்டினார்கள். இந்தத் தசையைக் கண்டுபிடிக்க, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து விரலைச் சற்று உள்ளேயும் கீழேயும் நகர்த்தி மெதுவாக அழுத்த வேண்டும். வயிற்றை மெதுவாக, சரியாக உள்ளே இழுத்தால் விரலுக்கடியில் மெல்ல ஓர் இறுக்கம் தெரியும். வயிறு குபுக்கென்று வெளியே தள்ளினால் மேலிருக்கும் தசைகள் முந்திக்கொண்டன என்று அர்த்தம். நேரில் இது என் விரலுக்கு நொடியில் புரியும். காற்றுப்பை வைத்த அழுத்தமானியும் கைவசம் உண்டு: குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் அதை வைத்து 70 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏற்றினால், முதுகை அசைக்காமல் வயிற்றை உள்ளே இழுக்கும்போது அழுத்தம் 6 முதல் 10 மில்லிமீட்டர் குறைய வேண்டும்.

வீடியோவில் இவை எதுவும் இல்லை. அதனால் அவர்களுடைய விரலே வேலை செய்தாக வேண்டும். அங்கேதான் எனக்கு ஓர் ஆச்சரியம். நேரில் வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து "சரியா?" என்று கேட்பார்கள். வீடியோவில் இருப்பவர் தன் விரலிடம் கேட்கிறார், பதிலும் அவருக்கே வருகிறது. நான் இல்லாத நாளிலும் அந்த விரல் அவரிடம் இருக்கும். இப்போது நேரில் வருகிறவர்களிடமும் முதலில் அவர்கள் கையையே வைக்கச் சொல்கிறேன், என் கை பிறகுதான்.

ஒலி தாமதமாக வருவதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. "பிடிங்க, விடுங்க" என்று நான் சொல்வது அங்கே பிந்திப் போய்ச் சேரும். எனவே நொடிகளை அவர்களையே வாய்விட்டு எண்ணச் சொல்வேன். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. இந்தப் பயிற்சியில் நான் அதிகம் திருத்துவதே மூச்சடக்கத்தைத்தான்.

கேமராவைத் தரையோடு ஒட்டி, தலை முதல் பாதம் வரை பக்கவாட்டில் தெரியும்படி வையுங்கள். பேர்ட் டாக் (கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டும் பயிற்சி) செய்யும்போது ஒருமுறையாவது கால்பக்கமிருந்து காட்டுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாய்வது அங்கிருந்துதான் தெரியும்.

துல்லியத்தை மிகையாக்கவும் வேண்டாம். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு, இத்தகைய தசைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக மேலானதல்ல என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எனவே, உட்கார்ந்து பயணித்தாலே வலி கூடுகிற ஒருவரை வாராவாரம் என் அறைக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தன் வீட்டுத் தரையில், தன் பாயில் தொடர்ந்து செய்தாலே போதும்.

தலைசுற்றல் உள்ளவர்களையும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் நேரில்தான் பார்ப்பேன். வீட்டிலிருந்து செய்கிறவருக்கு வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் பெருவிரலைத் தூக்கும் பலம் குறைந்தாலோ, பயிற்சியை அன்றே நிறுத்தி நேரில் வரச் சொல்லிவிடுவேன்.